சகலை வாங்கி வந்த செவர்லே

மாமனார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பிளாஸ்டிக் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "லைட்டு எங்க?" என்றார்.

பொங்கல் முடிந்து வீட்டில் இன்னும் கரும்புச் சக்கை வாசனை போகாத நேரம். என் சகலை நடராஜன், அதாவது என் மனைவி வசந்தாவின் அக்கா சாரதாவைக் கட்டியவர், சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். எல்லோருக்கும் சேலை, சட்டைத்துணி, தைலம். மாமனாருக்கு மட்டும் ஓர் அட்டைப் பெட்டி.

பெட்டியின் மேல் ஒரு சிவப்புக் காரின் படம். கதவிலும் கூரையிலும் பெரிய எண். பம்பர் இல்லை. லைட் இருக்க வேண்டிய இடத்தில் மூடி போட்டு அடைத்திருந்தது. உள்ளே காரின் துண்டுகள்; நாமே ஒட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் பழைய செவர்லேக்களை இப்படி வெட்டிப் பந்தயத்துக்கு விடுவார்கள் என்று சகலை விளக்கினார். மாமா வைத்திருந்த அதே மாடலைக் கடை கடையாகத் தேடினாராம். பந்தய வண்டிதான் கிடைத்ததாம்.

மாமனார் பின்பக்கத்தில் எழும்பி நின்ற இரண்டு ஓரங்களையும் விரலால் தடவினார். "நம்ம வண்டிதான். எவனோ நாசம் பண்ணி வச்சிருக்கான்."

சகலையின் முகம் சுருங்கியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதை அனுபவிக்க சாரதா விடவில்லை. வாத்தியார்தான் படம் போடுகிறவராயிற்றே, அவரிடம் கொடுத்தால் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குள் அச்சு அசலாக நம் வண்டியாகவே ஆக்கிவிடுவார் என்று சொல்லிப் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டாள்.

வாத்தியார் என்பது நான். தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியர். பரிசு அவருடையது, பாடு என்னுடையது.

"முடியுமா வாத்தியார் தம்பி?" என்றார் மாமனார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் 'மாப்பிள்ளை' என்றால் நடராஜன் ஒருவர்தான். நான் 'வாத்தியார் தம்பி'. எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்து அவை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அப்படித்தான். "மாப்பிள்ளைக்கு இலை போடுங்க, வாத்தியார் தம்பியும் உக்காரட்டும்" என்பார் மாமனார். சோறு ஒன்றுதான், குழம்பு ஒன்றுதான். ஆனாலும் அந்த 'உம்' எனக்குத் தொண்டையில் சிக்கும்.

அவர் வாயால் ஒரே ஒரு முறை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் முடியும் என்று தலையாட்டினேன்.

காரைக்கால் வண்டி

மாமனார் ஊர் திருவிடைமருதூருக்குத் தெற்கே, பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்து போக வேண்டிய ஊர். ஒரு காலத்தில் அந்தக் கரையில் அவருடைய செவர்லே போகும். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு அங்கிருந்த ஒரு வியாபாரி மூட்டை கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனார். அவரிடம் வாங்கிய வண்டி. ஊரில் யாரும் செவர்லே என்று சொல்ல மாட்டார்கள். காரைக்கால் வண்டி என்பார்கள்.

சகலைக்கு அந்த வண்டியில்தான் மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், நாயனம் முன்னே போக, காரின் முதுகெல்லாம் ரோஜாமாலை தொங்க வந்து இறங்கினாராம். எனக்குக் கல்யாணமான புதிதில் இதைச் சொல்லாத ஆளில்லை. பந்தல் போட்டவர், சமையற்காரர், எண்ணெய் கொண்டுவருபவர், எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும்.

எனக்கு மாப்பிள்ளை அழைப்பு டிராக்டரில்.

சிரிக்காதீர்கள். என் முறை வருவதற்குள் நில உச்சவரம்பைக் குறைத்துவிட்டார்கள். மாமனாரின் நிலம் கொஞ்சம் சர்க்காருக்கும், கொஞ்சம் குத்தகைக்காரர்களுக்கும், கொஞ்சம் உறவுக்காரர்கள் பெயருக்குமாகப் பிரிந்துபோயிருந்தது. காரை விற்றுவிட்டார். வீட்டில் சக்கரமுள்ள வஸ்து புதிதாக வாங்கிய டிராக்டர்தான். அதன் டிரெய்லரில் ஒரு நாற்காலியைக் கயிற்றால் கட்டி என்னை உட்கார வைத்தார்கள். வாய்க்கால் கரைத் திருப்பத்தில் நாற்காலி சாய, மாலையோடு நானும் சாய, நாயனக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பிடித்தார்.

ஆக, சகலை கார் காலத்து மாப்பிள்ளை. நான் உச்சவரம்பு காலத்து மாப்பிள்ளை. இந்தத் தொடரில் நான் பலரைப் பார்த்துப் பொறாமைப்பட்டதை எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு மனிதர் ஒரு சாயங்காலம் ஒரு காரில் உட்கார்ந்து வந்ததற்காக வருஷக் கணக்கில் பொறாமைப்பட்டது இந்த ஒரு விஷயத்தில்தான்.

அக்கரையில் நடந்தது

காரை விற்றதற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. அதை மாமனார் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். என் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அக்கரைக்காரர். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆற்றுக்கு அக்கரையில் மாமனாருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அறுவடைக்கு மட்டும் அங்கே போவார். கூலி நெல் தகராறு முற்றிச் செங்கொடி ஏறியிருந்த ஒரு வருஷம், அந்த ஊர் ஆட்கள் மதகடியில் பாதையை மறித்து நின்றார்கள். கார் நிற்கவில்லை. சிலர் வாய்க்காலில் குதித்தார்கள். ஒருவர் குதிப்பதற்குள் சக்கரம் ஏறிவிட்டது. அவருக்கு ஒரு கால் போய்விட்டது.

"மிராசுதாரே ஓட்டிட்டு வந்து ஏத்தினார் சார். கண்ணால பார்த்தவங்க இருக்காங்க" என்றார் தமிழ் வாத்தியார். டிரைவர் தான்தான் ஓட்டியதாகப் போலீசில் எழுதிக்கொடுத்தாராம். முதலாளிக்காகப் பழியை ஏற்றுக்கொள்கிறார் என்று நினைத்து ஊரில் ஒருவரும் அதை நம்பவில்லை.

வசந்தாவிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். "அப்பாவுக்குக் கார் ஓட்டவே தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பெண் அப்பாவை விட்டுக்கொடுப்பாளா என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

டிச் பட்டன்

வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. அரைகுறை வேலையை வசந்தா பார்த்தால் சாரதாவுக்குச் சொல்வாள், சாரதாவுக்குத் தெரிந்தால் கும்பகோணம் வரை தெரிந்துவிடும். பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஓவிய அறையின் சன்னலோரம் என் பட்டறை.

பந்தய வண்டியைத் தெரு வண்டியாக்குவது, வெட்டியதையெல்லாம் திரும்ப வளர்க்கிற வேலை. அகலமான டயருக்காகப் பின் மட்கார்டுகளை அரைவட்டமாக வெட்டியிருந்தார்கள். ஒரு வெள்ளைச் சோப்பு டப்பாவை வெந்நீரில் வளைத்து, அறுத்து, அந்த இடத்தில் பொருத்தினேன். ஒட்டுவதற்குக் கெமிஸ்ட்ரி ஆசிரியரிடம் கெஞ்சி வாங்கிய குளோரோஃபார்ம். இடுக்குகளுக்கு, லாரிப் பட்டறையில் டிங்கர் பூசுகிற பட்டி. காய்ந்ததும் உப்புத்தாளால் தேய், மறுபடி பூசு, மறுபடி தேய். மேஜை, சட்டை, டிபன் பாக்ஸ் எல்லாம் சாம்பல் நிறத் தூளாகிவிட்டது.

உள்ளே டிரைவரைச் சுற்றியிருந்த கம்பிக் கூண்டைக் கழற்றி எறிந்தேன். இருந்தது ஒரே ஒரு சீட். முன்னும் பின்னும் நீளமான மெத்தை சீட்டுகளை ரப்பர் செருப்பில் செதுக்கினேன். பம்பருக்குக் குடைக்கம்பி. அகல டயர்களைப் பிளேடால் சீவி ஒல்லியாக்கி, பக்கவாட்டில் வெள்ளை வளையம் தீட்டினேன். சக்கரத்தின் நடுமூடிக்கு என்ன செய்வது என்று திணறிக்கொண்டிருந்தபோது வசந்தாவின் ரவிக்கையில் டிச் பட்டன் பளபளத்தது. அளவெடுத்துச் செய்ததைப் போலப் பொருந்தியது. அன்று முதல் அவள் அந்த ரவிக்கைக்கு ஊக்குக் குத்திக்கொண்டாள். காரணம் இந்த வாரம் இதைப் படித்து அவளுக்குத் தெரியட்டும்.

நிறத்துக்குத்தான் அலைந்தேன். மாமனார் வீட்டில் இருந்த பழைய போட்டோவில் கார் கறுப்பு வெள்ளை. வாழைக்குருத்துப் பச்சை என்றாள் வசந்தா. இல்லை, ஊறவைத்த பாசிப்பயறு என்றார் மாமியார். கடைசியில் மாமனார் வீட்டுக் கார்க் கொட்டகைக்குப் போனேன். இப்போது அதில் யூரியா மூட்டைகள். மூட்டைகளுக்குப் பின்னால் சுவரில், எப்போதோ கார் உரசியதில் ஒரு பச்சைக் கீற்று ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் அட்டைகளை வைத்து வைத்து நிறம் கலந்தேன். மாமியார் சொன்னதுதான் சரி.

தின்னர் கலந்து அடித்த முதல் பூச்சு பானெட்டின் பிளாஸ்டிக்கையே தின்றுவிட்டது. தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள். கூரை மட்டும் பால் நிறம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்டேன். கைப்பிடி எப்படி, சன்னல் திரை என்ன துணி, நம்பர் பலகை எங்கே. எனக்குத் தெரியும் என்று நினைத்த ஒன்றை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

அமெரிக்க வண்டியல்லவா, பெட்டியில் ஸ்டியரிங் இடப்பக்கம் வைத்திருந்தார்கள். நம் ஊரில் ஏது அப்படி என்று, அந்தத் துளையை அடைத்து, வலப்பக்கம் புதிதாகத் துளைபோட்டு, சீப்புப் பல்லில் கம்பம் செய்து மாட்டினேன். மொத்த வேலையிலும் என்னை நானே மெச்சிக்கொண்டது அந்த இடத்தில்தான்.

சகலை பார்க்க வந்தார்

மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் சகலை சிங்கப்பூரிலிருந்து வந்து, நேரே என் ஓவிய அறையில் வந்து நின்றார். சென்ட் வாசனையும் சலவைச் சட்டையுமாக அவரும், பட்டித் தூளில் நானும்.

காரை எடுத்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பம்பரைப் பார்த்தார், டிச் பட்டனைப் பார்த்தார். குனிந்து காரின் சன்னல் வழியாக உள்ளே பார்த்தார். அங்கே கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கூரையை அப்போது நான் மேலே வைத்திருந்தேனே தவிர ஒட்டியிருக்கவில்லை. எதை வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம்.

"ஏதாவது விட்டுப்போச்சா சகலை?" என்று கேட்டேன்.

"இல்ல, நல்லா வந்திருக்கு. ஒட்டிடுங்க" என்றார்.

அவர் புன்னகை செய்ததையும், அவருக்குப் பொறாமையாக இருக்கிறது என்று நான் பூரித்ததையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

திருக்கடையூர்

அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில். கலச நீரெல்லாம் ஊற்றி, மறுபடி தாலி கட்டி, மாமனாரும் மாமியாரும் ஈரத் தலையோடு மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார்கள். சத்திரத்து மேஜையில் பழத்தட்டுகளுக்கு நடுவே பட்டுத்துணி போர்த்திய என் கார். துணியை எடுத்தவள் சாரதா.

"இவர் சிங்கப்பூர்லேர்ந்து வாங்கிட்டு வந்தது" என்றாள்.

கூட்டம் நெருக்கியது. காரைக்கால் வண்டி, காரைக்கால் வண்டி என்று சத்திரம் முழுக்கப் பேச்சு. ஒரு பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாப்பிள்ளை எவ்வளவு பிரியமா பண்ணியிருக்கார் பாரு" என்று ஒருவர் சகலையின் தோளில் தட்டினார். சகலை மறுக்கவில்லை. நான் சன்னலோரம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மாமனார் காரை மடியில் வைத்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் சகலை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எல்லாம் சரிதான். நம்ம வண்டி பிரெஞ்சுக்காரன் வண்டியில்ல? ஸ்டியரிங் இடது பக்கம். வாத்தியார் அம்பாசிடர்னு நெனச்சுட்டார்."

சத்திரமே சிரித்தது. வசந்தாவும் சிரித்துவிட்டுப் பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். காரைக்கால் வண்டி, காரைக்கால் வண்டி என்று ஊரே வருஷக் கணக்கில் என் காதில் ஓதியும் எனக்கு உறைக்கவில்லை.

கை கழுவும் இடத்தில் சகலையை மடக்கினேன். அன்றைக்கே தெரியுமல்லவா, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"நான் வருஷத்துக்கு ஒரு வாட்டி வர்றேன் சகலை. மாமாவுக்கு ஒடம்பு சரியில்லன்னா நீங்க. ஆஸ்பத்திரின்னா நீங்க. சாயங்காலம் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டு இருக்கறது நீங்க. எனக்குன்னு இருந்தது அந்தக் கார் ஒண்ணுதான். அதையும் நீங்க உங்க கையால பண்ணிட்டீங்க. அதுல ஒண்ணாவது தப்பா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

என்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஓர் ஆள் இருந்திருக்கிறார், அதுவும் இவர். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் நான் அப்போது கோபத்தில் இருந்தேன். அவரை அங்கேயே விட்டுவிட்டுப் பந்திக்குக்கூடப் போகாமல் சத்திரத்து வாசலில் போய் நின்றேன்.

சின்ன மாப்பிள்ளை

பந்தி முடிந்து கூட்டம் கலைந்து, பாதிப்பேர் பாயில் படுத்துவிட்ட வேளை. காரைக் கொடுங்கள், ஸ்டியரிங்கை மாற்றிக் கொண்டுவருகிறேன் என்று கேட்பதற்காக உள்ளே போனேன். மாமனார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கார் இன்னும் மடியில்தான்.

"மாப்பிள்ளை" என்றார்.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த சகலை எழுந்தார்.

"நீங்க இருங்க. சின்ன மாப்பிள்ளையக் கூப்பிட்டேன்."

சகலை மடித்த வெற்றிலையோடு அப்படியே நின்றார். என் காதில் விழுந்ததை நம்புவதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மாமனார் வாசல் பக்கம் தலையை அசைக்க, சகலை வெளியே போனார். நான் அருகில் போய் உட்கார்ந்தேன்.

"இது என் வண்டி இல்ல மாப்பிள்ளை" என்றார் மாமனார் மெல்ல.

மாற்றித் தருகிறேன் என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. வெள்ளைக் கூரைக்குக் கீழே, வலப்பக்கத்து சன்னலுக்குள் சுண்டுவிரலை விட்டு அந்தச் சீப்புப்பல் ஸ்டியரிங்கைத் தொட்டார்.

"நான் எப்பவும் இந்தப் பக்கந்தான் உக்காருவேன். டிரைவர் அந்தப் பக்கம். அக்கரையில அவங்களும் உங்கள மாதிரிதான் நெனச்சாங்க. வலது பக்கம் உக்காந்திருக்கறவன்தான் ஓட்டறான்னு. நான்தான் ஏத்தினேன்னு சொன்னாங்க. எனக்கு ஓட்டவே தெரியாது."

இப்போதாவது அதை எல்லோருக்கும் சொல்லலாமே என்றேன்.

வெளியே யாரோ எச்சில் இலைகளை வாரிக் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"மதகு கிட்ட வந்ததும் டிரைவர் என்னத் திரும்பிப் பார்த்தான். நிறுத்தட்டுமாய்யான்னு கேட்டான். போடான்னேன்."

காரை என் பக்கம் திருப்பினார்.

"நீங்க வச்ச எடம் சரிதான் மாப்பிள்ளை. மாத்தாதீங்க."

மாமனார் அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். என்னைக் கடைசிவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார். அவருக்குப் பிறகு சாமான் பிரித்தபோது, வாங்கி வந்தது நான்தானே என்று சொல்லி சகலை காரை எடுத்துக்கொண்டு போனார். அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. என் சோப்பு டப்பா, என் மனைவியின் டிச் பட்டன், எல்லாம் கப்பலேறிப் போய் அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

போன மாதம் சகலை போன் செய்தார். அங்கே இந்த மாதிரிக் கார்களைப் பழுது பார்க்கிற ஓர் ஆள் இருக்கிறாராம், கொடுத்தால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் மாற்றித் தந்துவிடுவாராம். மாற்றிவிடட்டுமா என்று கேட்டார். தொடாதீர்கள் என்றேன். ஏன் என்றார். அன்றைக்குச் சத்திரத்தில் மாமா என்னதான் சொன்னார் என்று இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை கேட்டவர், அன்றும் கேட்டார். நான் சொல்லவில்லை. கார் அவரிடம் இருக்கிறது, இதாவது என்னிடம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வாரம் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். இந்தப் பத்திரிகைக்கு அவர் சந்தாதாரர்.